நீமோ மேல் உப்புத் தூவியது யார்?

புதுச்சேரியில் இருக்கும் குட்டீஸுக்கு ஒரு வசதி உண்டு. கடற்கரைச் சாலையில் காந்தி சிலை அருகே போய் நின்றால் எதிரே முழுக் கடல்! ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி, ஒரு குடம் கடல் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றி, ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் ஒன்றை விட்டால் வீட்டிலேயே ஒரு குட்டிக் கடல் தயார் என்று தோன்றும். 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படம் பார்த்தவர்களுக்குக் கேட்கவே வேண்டாம்.

கொஞ்சம் பொறுங்கள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

கடையில் ஒரு கோமாளி மீன் வாங்கி வந்து தொட்டியில் விட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நாலைந்து நாள் ஜாலியாக நீந்துகிறது. ஒரு நாள் காலையில் பார்த்தால், உடம்பில் யாரோ உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள்! மீன் கல்லில் போய் உடம்பை உரசுகிறது. வேகமாக மூச்சு வாங்குகிறது. சாப்பாடு போட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இதற்குப் பெயர் வெண்புள்ளி நோய். (இறால் பண்ணைகளிலும் இதே பெயரில் ஒரு நோய் உண்டு. அது வைரஸால் வருவது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.) நம் வில்லனின் பெயர் கிரிப்டோகேரியான் இரிடன்ஸ். ஒரே ஒரு செல் கொண்ட ஒட்டுண்ணி. 1951-ல் பிரவுன் என்ற விஞ்ஞானி இதற்கு இந்தப் பெயரை வைத்தார். வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, நாம் 'கிரிப்டோ' என்றே கூப்பிடுவோம்.

இப்போது ஒரு வேடிக்கை நடக்கும். ஒரு வாரத்துக்குள் புள்ளிகள் காணாமல் போய்விடும்! "ஹையா, சரியாகிவிட்டது!" என்று வீடே குதிக்கும். பெரியவர்களே ஏமாறும் இடம் இதுதான். சில நாள் கழித்துப் புள்ளிகள் திரும்ப வரும். முதலில் ஐந்தாறு இருந்த இடத்தில் இப்போது ஐம்பது, நூறு. அந்த இடைவெளியில் என்ன நடந்தது?

கிரிப்டோ மீனின் தோலுக்குள் புகுந்து, அதன் திசுக்களைத் தின்று கொழுக்கிறது. மூன்று முதல் ஏழு நாள் இந்த விருந்து. வயிறு நிறைந்ததும், இருட்டு நேரமாகப் பார்த்து மீனை விட்டுக் கீழே இறங்குகிறது. மணலிலோ கல்லிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிக் கெட்டியான ஓர் உறையைக் கட்டிக்கொள்கிறது. உறைக்குள்ளேயே ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பிரிந்துகொண்டே போகிறது. ஓர் உறையிலிருந்து 200 குட்டிகளுக்கு மேல்கூட வெளியே வரலாம். அவையும் பெரும்பாலும் இருட்டில்தான் கிளம்புகின்றன. மீன்கள் மணல் ஓரமாகத் தூங்கும் நேரம் அல்லவா? கெட்டிக்காரத் திருடன்!

ஆனால் வெளியே வந்த குட்டிக்கு ஒரு கெடு உண்டு. ஒன்று அல்லது இரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் செத்துப்போகும். அகலமான கடலில் பெரும்பாலான குட்டிகளின் கதை இப்படித்தான் முடிகிறது. அதனால்தான் அங்கே மீன்கள் இதனால் கூட்டமாகச் சாவது அரிது. உங்கள் தொட்டி எவ்வளவு பெரிது? மூன்றடி இருக்குமா? அதில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மீன்தான். முக்கியமாக, செவுள்களுக்குள் இவை புகுந்துவிட்டால் வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியாது. மீன் மூச்சுவிட முடியாமல் இறந்துபோகும்.

சரி, வைத்தியம் என்ன?

தங்க மீன் வளர்ப்பவர்களைக் கேட்டால், "கல் உப்பு போடு, சரியாகும்" என்பார்கள். நல்ல தண்ணீர் மீன்களுக்கும் இதே போல வெள்ளைப் புள்ளி வரும். அது வேறு ஒட்டுண்ணி. அதற்கு உப்பு ஆகாது. நம் கிரிப்டோவோ உப்புத் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தது. அதற்கு உப்பைக் குறைக்க வேண்டும்! கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. இதைச் சிறிது சிறிதாகப் பாதிக்கும் கீழே கொண்டுவந்து சில வாரம் வைத்திருந்தால், பெரும்பாலும் கிரிப்டோவால் தாங்க முடியாது. மீன் தாங்கும். அதன் ரத்தத்தில் கடல் தண்ணீரில் இருப்பதைவிட உப்பு குறைவுதான். பவளம், இறால், நட்சத்திர மீன் எல்லாம் தாங்காது. ஆகவே இந்த வைத்தியத்தை வேறொரு தனித்தொட்டியில்தான் செய்ய வேண்டும்.

இன்னொரு மருந்து செம்பு. உடனே பாட்டியின் செம்புக் குடத்தைத் தொட்டிக்குள் இறக்கிவிடாதீர்கள்! ஒரு லிட்டர் தண்ணீரில் கிட்டத்தட்ட 0.2 மில்லிகிராம் செம்பு இருந்தால் போதும், நீந்தும் குட்டிகள் சாகும். அதற்குக் குறைந்தால் பயன் இல்லை, கூடினால் மீனுக்கே ஆபத்து. தினமும் அளந்து பார்க்க வேண்டும். இதுவும் தனித்தொட்டி வேலை, பெரியவர்கள் வேலையும்கூட. தோலுக்குள் இருப்பதையும் உறைக்குள் இருப்பதையும் செம்பு தொடாது. குட்டிகள் வெளியே வரும்வரை காத்திருந்துதான் அடிக்க முடியும். ஆகவே புள்ளி மறைந்துவிட்டதே என்று மருந்தை நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. இதில் மருந்தே கிடையாது. இஸ்ரேலின் ஈலாத் நகரில் ஏஞ்சலோ கொலோர்னி என்ற ஆய்வாளர் 1980-களில் செய்து காட்டியது. மீனை மூன்று நாளுக்கு ஒரு முறை வேறொரு சுத்தமான தொட்டிக்கு மாற்றுகிறார்கள். இப்படி நான்கு முறை. கிரிப்டோ கீழே இறங்கி, உறை கட்டி, குட்டி போட்டுக் கண் விழித்துப் பார்த்தால் மீன் வீடு மாறிப் போயிருக்கும்! காலியான தொட்டியைக் கழுவி நன்றாகக் காயவைத்தால் உறையும் ஒழிந்தது.

கிரிப்டோவைவிட அவசரக்காரன் ஒருவன் இருக்கிறான்: அமிலோடினியம். பொடி தூவியது போல மிகச் சின்னப் புள்ளிகள், சில நாட்களிலேயே மீன்கள் மடியும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்த்த வெள்ளி பொம்பானோ தாய்மீன்களைக்கூட இது தாக்கியிருக்கிறது. விஞ்ஞானிகளின் தொட்டிக்கே இந்தக் கதி!

அதனால் வருமுன் காப்பதற்கு வருவோம். கொரோனா வந்த 2020-ல் வெளியூரிலிருந்து வந்தவர்களை 14 நாள் தனியே வைத்தார்கள். வீட்டில் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். அதற்கு 'குவாரண்டைன்' என்று பெயர். பள்ளியில் பிரெஞ்சு படிக்கும் புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் சட்டென்று பிடிபடும். பிரெஞ்சில் 40-க்குக் 'கராந்த்' என்பார்கள் அல்லவா? கொள்ளைநோய்க் காலத்தில் வெனிஸ் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களை 40 நாள் காக்க வைத்ததால் வந்த பெயர் இது.

புதிதாக வாங்கிய மீனுக்கும் அதே சட்டம்தான். ஒரு சின்னத் தொட்டி, ஒரு ஃபில்டர், ஒளிந்துகொள்ள பிளம்பர் வெட்டிப்போட்ட பைப் துண்டு. இவ்வளவு போதும். குறைந்தது நான்கு வாரம் அங்கே இருக்கட்டும். அதற்கென்று தனி வலை, தனி வாளி. ஈரக்கையோடு ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போகக்கூடாது.

வாங்கும்போதே, கடைக்காரரிடம் "அண்ணா, கொஞ்சம் தீனி போடுங்க, சாப்பிடுதான்னு பார்க்கணும்" என்று கேளுங்கள். அதே தொட்டியில் வேறு மீன் கல்லில் உரசுகிறதா என்றும் பாருங்கள். தொட்டியிலேயே பிறந்த கோமாளி மீனா என்று கேட்பதும் நல்லது. கடலூரைத் தாண்டி இருக்கும் பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்திருக்கிறார்கள். ஆனால் கடையில் கடல் மீன்களோடு ஒரே தண்ணீரில் இருந்தால் அதற்கும் கிரிப்டோ தொற்றும்.

அந்தக் குடத்துக் கடல் தண்ணீர்? கரையோரத் தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கலாம், கிரிப்டோவும் இருக்கலாம். கடல் மீன் வளர்ப்பதற்கென்றே விற்கும் உப்பை நல்ல தண்ணீரில் கரைத்துக்கொள்வதே நிம்மதி.

ஏற்கெனவே நோய் வந்துவிட்ட தொட்டி என்றால்? மீன்கள் எல்லாவற்றையும் தனித்தொட்டிக்கு மாற்றிவிட்டு, பழைய தொட்டியை மீனே இல்லாமல் விட்டுவிடுங்கள். இறாலும் நத்தையும் அங்கேயே இருக்கலாம். கிரிப்டோ அவற்றைப் பிடிக்காது. எத்தனை நாள்? ஓர் உறை 72-ஆம் நாள் திறந்து குட்டிகள் வந்ததாகப் பதிவு இருக்கிறது. காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வாருங்கள். 76 என்று வந்ததும் உங்கள் நீமோ வீடு திரும்பலாம்.