தவணைப் பணம் எந்த மடையில் நிற்கிறது?

பி.எம். கிசான் திட்டம் 2019 பிப்ரவரி 24 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. தகுதியுள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 ரூபாய் வீதம் மூன்று தவணைகளாக வங்கிக் கணக்கில் சேர்க்கப்படுகிறது. ஏப்ரல் முதல் ஜூலை வரை ஒன்று, ஆகஸ்டு முதல் நவம்பர் வரை ஒன்று, டிசம்பர் முதல் மார்ச் வரை ஒன்று. ஆமத்தூர் போன்ற விருதுநகர், சிவகாசிப் பகுதி மானாவாரிக் கிராமங்களில் இரண்டாவது தவணைக்குத் தனி மதிப்பு உண்டு. புரட்டாசி மழையை நம்பி உழுது விதைக்கும் காலம் அது. அப்போது பணம் வராவிட்டால் விதைக்கும் உழவுக்கும் வட்டிக்கு வாங்க நேரிடும்.

"சென்ற தவணை வந்தது, இந்தத் தவணை வரவில்லை" என்று விசாரிக்கும் விவசாயிகளை விரிவாக்க மையங்களில் காணலாம். வங்கியில் கேட்டால் தங்களிடம் கோளாறு இல்லை என்பர். கிராம நிர்வாக அலுவலரோ பட்டா சரியாக இருக்கிறது என்பார். ஆதார் மையத்திலும் அட்டை சரி என்றே சொல்வர். மூவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். அப்படியும் பணம் வராமல் போவது எப்படி என்பதை இங்கு பார்ப்போம்.

கண்மாய்த் தொடர் போல

நம் பகுதிக் கண்மாய்களை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு கண்மாய்க்கும் தனி ஊர், தனி மடை, தனி ஆயக்கட்டு உண்டு. ஆனால் மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. இடையிலுள்ள வரத்துக்கால் தூர்ந்துவிட்டால், இரண்டு கரைகளும் பழுதின்றி இருந்தும் கீழூர் வயல் காயும்.

கணினி அமைப்புகளிலும் இதே நிலை உண்டு. தனித்தனியே இயங்கக்கூடிய பல அமைப்புகள் சேர்ந்து ஒரு பெரிய வேலையைச் செய்தால் அதனை 'அமைப்புகளின் அமைப்பு' என்று மென்பொருள் வல்லுநர்கள் அழைக்கின்றனர். அமெரிக்க ஆய்வாளர் மார்க் மேயர் 1998-ல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு இரண்டு முக்கிய அடையாளங்களைக் கூறினார். ஒன்று, ஒவ்வோர் உறுப்பும் பிரிந்து நின்றாலும் தன் வேலையைத் தானே செய்யும். மற்றொன்று, ஒவ்வொன்றையும் தனி நிர்வாகம் தன் நோக்கத்துக்காக நடத்தும். எனவே, முழுவதற்கும் ஒரே பொறுப்பாளர் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. உறுப்புகளைத் தனித்தனியே சோதித்தால் போதாது, அவை சேரும் இடங்களையும் சோதிக்க வேண்டும் என்பது இத்துறை தரும் பாடம்.

சேரும் இடம் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு 1999-ல் நடந்த ஒரு நிகழ்ச்சி சான்று. செவ்வாய்க் கோளுக்கு அமெரிக்கா அனுப்பிய விண்கலத்துக்கு ஒரு குழு பவுண்டு அளவில் கணக்குக் கொடுத்தது. மற்றொரு குழுவின் மென்பொருள் அதனை மெட்ரிக் அளவாக எடுத்துக்கொண்டது. விண்கலம் பாதை பிசகி அழிந்தது.

2,000 ரூபாய் கடந்து வரும் வழி

உங்கள் தவணைக்கு நிலப் பதிவு மாநில வருவாய்த் துறையுடையது. ஆதார், 2009-ல் தோன்றிய அடையாள ஆணையத்துடையது. எந்த ஆதார் எண்ணுக்கு எந்த வங்கி என்று காட்டும் பதிவேடு, 2008-ல் அமைந்த தேசிய பணப்பரிவர்த்தனைக் கழகத்திடம் உள்ளது. கணக்கு உங்கள் வங்கியில் இருக்கிறது. இவற்றில் எதுவும் பி.எம். கிசானுக்காக உண்டாக்கப்பட்டதல்ல. பின்னர் வந்த திட்டம் இவற்றை இணைத்துக்கொண்டது. அடைப்பு பெரும்பாலும் மூன்று இடங்களில் ஏற்படுகிறது.

1. நில இணைப்பு: பட்டா தந்தை பெயரிலேயே இருக்கலாம். அல்லது பட்டாவில் தமிழிலுள்ள பெயரும் ஆதாரில் ஆங்கிலத்திலுள்ள பெயரும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஓர் இடத்தில் தலைப்பெழுத்து முன்னும் மற்றோர் இடத்தில் பின்னும் இருப்பது நம்மிடையே சாதாரணம். மனிதர் கண்ணுக்கு ஒரே ஆள், கணினிக்கோ இரண்டு ஆட்கள்.

2. வங்கி இணைப்பு: அரசு உதவித்தொகை பெற ஓர் ஆதார் எண்ணுக்கு ஒரு வங்கிக் கணக்கே பதிவில் இருக்கும். கடைசியாக இணைத்ததே செல்லும். பட்டாசு ஆலைக் கூலிக்காக வேறு வங்கியில் புதுக் கணக்கு தொடங்குபவர், உதவித்தொகைக்கும் இசைவு தந்து கையொப்பமிட்டால், தவணை அந்தக் கணக்குக்குப் போய்விடும். அவர் பழைய பாஸ்புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

3. மின்னணு அடையாளச் சரிபார்ப்பு: இது முடியாவிட்டாலும் தவணை நிற்கும். ஆதாரில் பழைய கைப்பேசி எண் இருந்தால் கடவுஎண் வந்து சேராது. வேலையால் விரல்ரேகை தேய்ந்தவர்களுக்குக் கருவி ரேகையை ஏற்பதில்லை. இத்தகையோருக்காக 2023-ல் பி.எம். கிசான் கைப்பேசிச் செயலியில் முகம் காட்டிச் சரிபார்க்கும் வசதி சேர்க்கப்பட்டது.

என்ன செய்ய வேண்டும்?

முதலில் பி.எம். கிசான் இணையதளத்தில் பதிவு எண்ணைக் கொடுத்துப் பயனாளி நிலையைப் பார்க்க வேண்டும். பொதுச் சேவை மையத்திலும் பார்க்கலாம். மேற்கண்ட மூன்றும் அதில் தனித்தனியே 'ஆம்', 'இல்லை' என்று காட்டப்படும். 'இல்லை' என்ற இடமே அடைப்பு. அத்தாளை அச்செடுத்துக்கொண்டு, நிலமானால் உதவி வேளாண்மை அலுவலரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும், வங்கி இணைப்பானால் கிளையிலும், கைப்பேசி எண் அல்லது பெயரானால் ஆதார் சேவை மையத்திலும் கொடுக்க வேண்டும். மூன்றும் 'ஆம்' என்றிருந்தும் பணம் வராவிட்டால், எந்த வங்கிக்குச் சென்றது என்று பார்க்கவும். உதவிக்கு 155261 என்ற எண்ணை அழைக்கலாம். ஆதார் விவரங்களுக்கு 1947.

ஓர் இடத்தில் பெயரைத் திருத்தினால் மற்ற இடங்களிலும் ஒப்பிட்டுக்கொள்வது அவசியம். தமிழ்நாட்டில் 2025 முதல் வழங்கப்படும் விவசாயிகள் தனி அடையாள எண்ணும் நிலப் பதிவையும் ஆதாரையும் சேர்த்தே அமைவதால், இத்திருத்தம் அதற்கும் பயன்படும். பருவமழைக்கு முன் வரத்துக்காலைத் தூர்வாருவது போல, இந்த மூன்று இணைப்புகளையும் ஆடி மாதத்திலேயே பார்த்து முடித்தால் விதைப்புக்குத் தவணை கைக்கு வரும்.