உங்களுக்குத் தெரியுமா? சார்ஜ் ஏறாத பழைய பைக்

● பழைய பைக்கில் சார்ஜ் நிற்கவில்லை என்றதும் முதலில் மாற்றப்படுவது பேட்டரிதான். புதிது போட்ட அன்று ஹாரன் கணீரென்று அடிக்கும், இண்டிகேட்டர் பளிச்சென்று எரியும். சில நாட்களில் பழையபடி டவுன். கடையிலிருந்து நிரப்பிக்கொண்டு வந்த சார்ஜை அது செலவழித்துவிட்டது. வண்டி எதையும் திருப்பித் தரவில்லை. அதனால் பேட்டரிக்கு முன் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும், பேட்டரியைவிட விலையும் குறைவு.

● 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல்கள், செல்லுக்குச் சுமார் 2.1 வோல்ட். நன்றாகச் சார்ஜ் ஆகிச் சில மணி நேரம் சும்மா இருந்த பேட்டரி 12.6க்குக் குறையாமல் காட்ட வேண்டும். 12.0 காட்டினால் "பன்னிரண்டு இருக்கிறதே" என்று விட்டுவிடாதீர்கள். அது கிட்டத்தட்ட காலி. அடுத்து எஞ்சினை ஸ்டார்ட் செய்து, 3,000 – 4,000 ஆர்பிஎம் வரை ஆக்சிலேட்டரை முறுக்கி, பேட்டரி டெர்மினலிலேயே அளந்து பாருங்கள். 13.5க்கும் 14.5க்கும் இடையில் நின்றால் சார்ஜிங் சரி. 13ஐக்கூடத் தொடவில்லை என்றால் சார்ஜ் வரவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கைவிட்டுவிட்டது: பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும், பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். 6 வோல்ட் வண்டிக்கு இந்த எண்களையெல்லாம் பாதியாக்கிக்கொள்ளலாம்.

● பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் அம்மீட்டர் அழகுக்கு வைத்ததல்ல. இக்னிஷன் போட்டு பிரேக்கை மிதித்தால் முள் கழித்தல் பக்கம் சாயும். ஓட்டத்தில் கூட்டல் பக்கம் ஏறி, பேட்டரி நிரம்ப நிரம்ப நடுவுக்குத் திரும்பும். வேகமாகப் போகும்போதும் முள் கழித்தலிலேயே கிடந்தால், வீடு போய்ச் சேரும்வரை ஹாரனையும் விளக்கையும் அளவாகப் பயன்படுத்துங்கள். பாயிண்ட் வைத்த புல்லட்டை உதைக்கும் முன் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கவும் பழைய ஓட்டிகள் இதே முள்ளைத்தான் பார்ப்பார்கள். பாயிண்ட் திறந்ததும் முள் நடுவுக்கு வரும்.

● எஸ்டியில் அந்த வேலையைச் செய்வது சிவப்பு விளக்கு. மைசூரு ஐடியல் ஜாவா ஆலையில் 1961இல் ஜாவா தயாரிப்பு தொடங்கியது. 1973 முதல் எஸ்டி என்ற பெயரில் வண்டிகள் வந்தன. 1996இல் ஆலை மூடப்பட்டது. அவற்றில் மிகப் பலவற்றுக்கு 6 வோல்ட் டைனமோ. சாவி போட்டதும் எரியும் சிவப்பு விளக்கு, எஞ்சின் வேகம் பிடித்ததும் அணைய வேண்டும். ஐட்லிங்கில் மினுக்கினால் பயமில்லை. வேகத்திலும் எரிந்துகொண்டே இருந்தால் முதலில் டைனமோவின் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள்: தேய்ந்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், கம்யூட்டேட்டரில் கரி படிந்திருக்கலாம். டைனமோவையே கழற்றிப் போடுவது அதற்கெல்லாம் பிறகுதான். ஜூலை மாதம் இரண்டாம் ஞாயிறு அன்று பெங்களூரில் ஜாவா, எஸ்டி வண்டிகள் ஒன்றுகூடும். அங்கே போனால் இந்தச் சிவப்பு விளக்கைப் பற்றிப் பொறுமையாகச் சொல்லித்தர ஆள் நிச்சயம் கிடைப்பார்.

● பல வருடம் மூலையில் நின்ற வண்டியின் டைனமோ, எந்தப் பாகமும் கெடாமலே சார்ஜ் தராமல் போகலாம். டைனமோ தானாக மின்சாரத்தைத் தொடங்க, அதன் இரும்பில் கொஞ்சமாவது காந்தம் மிச்சமிருக்க வேண்டும். வெர்னர் ஃபான் சீமென்ஸ் 1866–67இல் டைனமோ செய்ததும் இந்த மிச்சக் காந்தத்தை நம்பித்தான். அது போய்விட்டால் ஃபீல்டு காயிலுக்குப் பேட்டரியிலிருந்து ஒரு நொடி மட்டும் மின்சாரம் கொடுத்தால் மீண்டுவிடும். பிளஸ், மைனஸ் மாறிவிடக் கூடாது. அந்த மாடலின் வயரிங் தெரிந்தவர் கையால் நடப்பதே நல்லது.

● சிவனசமுத்திரத்து நீர்மின்சாரம் 1902இல் கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போனது. 1905 ஆகஸ்ட் 5 அன்று பெங்களூரின் தெருவிளக்குகளை ஏற்றியது. சிவனசமுத்திரத்தில் பிறந்தது ஏசி மின்சாரம். மேக்னட் சுழலும் உங்கள் பைக்கின் காயிலில் பிறப்பதும் ஏசிதான். தொலைதூரம் அனுப்ப ஏசி கைகொடுக்கும், ஆனால் பேட்டரிக்கு டிசி மட்டுமே ஏறும். இரண்டுக்கும் நடுவே ரெக்டிஃபயர் நிற்பது அதனால்தான்.

● ராஜ்தூத் 350, அதாவது ஆர்டி 350, இதில் வேறு ரகம். அதன் ஆல்டர்னேட்டரில் நிலைக்காந்தம் இல்லை. சுழலும் பாகம் மின்காந்தம், அதற்குக் கார்பன் வழியே பேட்டரி மின்சாரம் போக வேண்டும். சார்ஜ் வராத ஆர்டியில் புது ஸ்டேட்டர் தேடி அலையும் முன் கார்பனின் நீளத்தைப் பார்த்துவிடுங்கள்.

● எஞ்சினிலிருந்து ஒரே நிறத்தில் மூன்று ஒயர்கள் வெளியே வந்தால் அது மூன்று ஃபேஸ் ஸ்டேட்டர். கப்ளரைப் பிரித்து, எஞ்சின் அணைந்திருக்கும்போது இரண்டிரண்டு ஒயராக ஓம் அளவெடுங்கள். மூன்று ஜோடியும் ஒரே அளவு, அதுவும் மிகச் சிறிய அளவு காட்ட வேண்டும். பிறகு ஒவ்வொரு ஒயருக்கும் எஞ்சின் பாடிக்கும் இடையே பாருங்கள். தொடர்பே இருக்கக் கூடாது. இருந்தால் காயில் எரிந்து எர்த் ஆகிவிட்டது. கடைசியாக, கப்ளர் பிரிந்தபடியே ஸ்டார்ட் செய்து மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். ஆக்சிலேட்டர் ஏற ஏற மூன்று ஜோடியிலும் வோல்ட் சமமாக ஏற வேண்டும். எத்தனை வோல்ட் என்பது வண்டிக்கு வண்டி மாறும், சமமாக ஏறுகிறதா என்பதே கேள்வி. வெறும் முனையைக் கையால் தொட வேண்டாம், நல்ல வேகத்தில் 50 வோல்ட்டுக்கு மேலும் வரும். சமமாக ஏறினால் ஸ்டேட்டர் குற்றமற்றது, சந்தேகம் ரெகுலேட்டர் பக்கம் போகட்டும். ஒன்று: பல பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் காயிலின் ஒரு முனையைத் தயாரிப்பிலேயே எர்த்தில் சேர்த்திருப்பார்கள். அங்கே எர்த் காட்டுகிறது என்று நல்ல காயிலை அவிழ்த்துக் கட்டக் கொடுத்துவிடாதீர்கள்.

● பெரும்பாலான பைக்குகளில் ரெகுலேட்டரும் ரெக்டிஃபயரும் சேர்ந்த ஆர்ஆர் யூனிட், தேவைக்கு மேல் வரும் மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பி வெப்பமாக்குகிறது. எல்இடி பல்பு போட்டுச் சுமையைக் குறைத்தால் அந்த யூனிட்டுக்கு ஓய்வு கிடைக்கும் என்று நினைப்போம். நடப்பது நேர்மாறு: வண்டி பயன்படுத்தாத மின்சாரமும் அதன் தலையில்தான் விழும். அதனால் அதன் இதழ்களில் சேறு படியாமல், காற்றுப் படும்படி வையுங்கள்.

● என்னைக் கேட்டால், பழைய வண்டியில் முதலில் பார்க்க வேண்டியவை எர்த்தும் கப்ளரும்தான். காசே ஆகாத வேலை, ஆனால் கடைசியில்தான் செய்கிறோம். கப்ளரைப் பிரித்துப் பாருங்கள். பின் பச்சை பூத்திருந்தால் ஈரம் புகுந்திருக்கிறது. பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால் பிடிப்பு தளர்ந்து சூடேறியிருக்கிறது. எஞ்சின் ஓட, விளக்கு எரிய, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை எஞ்சின் பாடியிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் மோசம். துருவைச் சுரண்டி, போல்ட்டை இறுக்குங்கள். 6 வோல்ட் வண்டிக்கு இது இன்னும் முக்கியம். 21 வாட் பிரேக் லைட் 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுத்தால் 6 வோல்ட்டில் 3.5 ஆம்பியர் இழுக்கும். அதே துரு அங்கே இரண்டு மடங்கு வோல்ட்டைத் தின்னும், அதுவும் பாதி வோல்ட்டிலிருந்து. டைனமோதான் குறை என்று சொல்லப்பட்ட எத்தனையோ எஸ்டிகள் உப்புத்தாள் பிடித்துத் தேய்த்ததிலேயே பிழைக்கும்.

● ஹேண்டிலைத் திருப்பினால் ஹெட்லைட் மங்குகிறதா? ஸ்டியரிங் கழுத்தில் ஒயர் மடங்கி மடங்கி, மேலுறை முழுதாக இருக்க உள்ளே செம்பு அறுந்திருக்கும்.

● ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டிகளில் ஸ்பார்க்குக்குப் பேட்டரி தேவையில்லை. ஹெட்லைட்டும் காயிலிலிருந்தே நேராக எரியும். சிக்னலில் வெளிச்சம் மங்கி, முறுக்கினால் பிரகாசமாவது அதனால்தான், அது பழுது அல்ல. சார்ஜிங் செத்துப் போனாலும் வண்டி ஓடுவதால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. ஹாரன் சத்தம் கம்மும்போதே சோதித்துவிடுங்கள்.

● டாம்டாம் நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுப் போக்குவரத்துக் கணக்கில், பெங்களூரின் நகர மையத்தில் 10 கிலோமீட்டர் கடக்க 29 நிமிடத்துக்கு மேல் ஆனது. மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகம், பாதி நேரம் ஐட்லிங். பழைய டைனமோ ஐட்லிங்கில் கொடுப்பது மிகச் சொற்பம். பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் செலவழித்துக்கொண்டே இருக்கும். எல்லாப் பாகமும் நல்ல நிலையில் இருந்தும் சில்க் போர்டு சந்திப்பு வழியே தினமும் அலுவலகம் போகும் எஸ்டியின் பேட்டரி இறங்கும். நியூட்ரலுக்கு மாற்றி பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். விடுமுறை நாளில் நைஸ் ரோடு மாதிரி தடையில்லாத பாதையில் ஓட்டி வாருங்கள், அல்லது மாதம் ஒருமுறை வெளிச் சார்ஜரில் போடுங்கள்.

● பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும். பெங்களூரில் பல வீடுகளுக்கு வரும் போர்வெல் தண்ணீரில் கால்சியமும் இரும்பும் உண்டு, அவை தகடுகளைக் கெடுக்கும். ஆர்ஓ தண்ணீரிலும் உப்பு முழுதாகப் போவதில்லை. அளவு குறைந்தால் ஆசிட் ஊற்றவே கூடாது: வற்றுவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது.

● வண்டி ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி "சார்ஜ் வருதா பாரு" என்று சோதிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அப்படிச் செய்ய விடாதீர்கள். பேட்டரி விலகிய நொடியில் எகிறும் வோல்ட், நன்றாக இருந்த ரெகுலேட்டரையும் பல்புகளையும் சுட்டுவிடும்.

● சார்ஜிங் வோல்ட் சரியாக இருந்தும் காலையில் பேட்டரி டவுன் என்றால், இரவில் எங்கோ கசிகிறது. சாவியை எடுத்துவிட்டு, மைனஸ் ஒயரைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வையுங்கள். ஒன்றும் காட்டவில்லை என்றால் மில்லி ஆம்பியருக்கு மாற்றுங்கள். கடிகாரமும் அலாரமும் இல்லாத பழைய பைக்கில் சுழிதான் வர வேண்டும். எண் காட்டினால் ஆர்ஆர் யூனிட்டின் கப்ளரைப் பிரியுங்கள். கசிவு உடனே நின்றால் உள்ளிருக்கும் டயோடு கெட்டுவிட்டது, பெங்களூரு ஜே.சி. ரோட்டில் யூனிட் மட்டும் வாங்கினால் போதும். நிற்கவில்லை என்றால் ஒவ்வொரு கப்ளராகப் பிரித்துக்கொண்டே போங்கள், எங்கே சுழிக்கு வருகிறதோ அந்த ஒயர்தான்.