கல்லில் வரைந்த தீவுப் பருந்து

1835-இல் கலாபகஸ் தீவுகளுக்குப் போன சார்லஸ் டார்வின், மரக்கிளையில் இருந்த ஒரு பருந்தைத் துப்பாக்கி முனையால் தள்ளிவிட்டதாக எழுதியிருக்கிறார். மனிதரைக் கண்டு அஞ்சாத பறவை அது! லண்டனுக்கு வந்து சேர்ந்ததோ பாடம் செய்த தோல்கள்தான். டார்வினின் நூலுக்காகப் பறவையியலாளர் ஜான் கூல்ட் மாதிரி ஓவியம் தீட்ட, அவர் மனைவி எலிசபெத் அதை அச்சுக்கல்லில் எண்ணெய்ப்பசைப் பென்சிலால் இறகு இறகாக வரைந்தார். அச்சான தாள்களுக்குக் கையாலேயே வண்ணம் பூசினார்கள். அந்தத் தீவுகளை எலிசபெத் பார்த்ததே இல்லை. அவருடைய கைத்திறனை டார்வின் அந்த நூலின் முன்குறிப்பில் மனமாரப் பாராட்டினார். 1841-இல், 37 வயதில், எலிசபெத் மறைந்தார். இந்தப் பருந்து இன்றும் கலாபகஸ் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது.