மறைத்து வைத்த கோடு

சிட்னித் துறைமுகத்தில் கோடைகால வெள்ளிக்கிழமை மாலைகளில் பாய்மரப் படகுப் பந்தயம் நடக்கும். நம் வாலிபர் கூட்டத்திலிருந்து நாங்கள் நான்கு பேர், சபை மாமா ஒருவரின் பழைய படகில் இரண்டு கோடைகளாகப் போய்வருகிறோம். பெரும்பாலும் கடைசியாகத்தான் வருவோம். அதற்குக் காரணம் யார் என்றும் முடிவுகட்டி வைத்திருந்தோம்: எங்களில் இளையவளான பதினைந்து வயதுத் தங்கை.

பாய்மரப் படகு காற்றை நேருக்கு நேர் எதிர்த்துப் போகாது. ஏறக்குறைய 45 பாகை சாய்வாகப் போய், பிறகு திரும்பி, மறுபக்கம் சாய்வாகப் போக வேண்டும். இப்படித் திரும்புவதற்கு டாக்கிங் என்று பெயர். அந்த நேரத்தில் முன்பாயின் கயிற்றை ஒரு பக்கம் விட்டு, மறுபக்கம் இழுத்துக் கட்டுவது தங்கையின் வேலை. ஒவ்வொரு தடவையும் அவள் பிந்திவிடுவாள். "சீக்கிரம் இழு!" என்று நாங்கள் கத்துவோம். ஒரு மாலை கரைக்கு வந்ததும், "இனி நான் வரவில்லை அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றுதான் முதன்முதலாகப் படகில் ஜிபிஎஸ் கருவி ஒன்றைப் பொருத்தியிருந்தோம். படகின் வேகத்தையும் அதன் முகம் நோக்கும் திசையையும் நொடிக்கு நொடி பதிவுசெய்யும் கருவி அது. பதிவு போய்ச் சேர்ந்தது சுக்கான் பிடிப்பவரின் போனுக்கு. அன்றிரவே அவர் அதைத் திறந்து பார்த்தார். டாக்கிங்கில் திசை ஏறக்குறைய 90 பாகை மாற வேண்டும். எங்கள் கோடோ ஒவ்வொரு முறையும் 110 வரை போய்த்தான் திரும்பி வந்தது. அதாவது, சுக்கானை அவர் அளவுக்கு மீறித் திருப்பியிருக்கிறார். அப்படித் திருப்பினால், கயிற்றை இழுத்து முடிப்பதற்குள் பாயில் காற்று நிறைந்துவிடும். காற்று நிறைந்த பாயை இழுப்பது பெரியவர்களுக்கே கஷ்டம்.

இரண்டு நாள் அவர் யாருக்கும் சொல்லவில்லை. அழித்துவிடலாமா என்றுகூட நினைத்தாராம். ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது போனை எங்கள் முன் வைத்தார். "பிழை என்னுடையது. முதலில் தங்கச்சிக்குக் காட்டுவோம், பிறகு கோச்சுக்கு அனுப்புவோம்" என்றார். கத்தியது அவர் மட்டுமல்ல, நாங்கள் எல்லோரும்தான். ஆகவே எல்லோருமாகப் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம்.

கோச் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, "மெதுவாகத் திருப்பு, 90 வரும் முன்பே சுக்கானை நேராக்கு" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் தங்கை வந்தாள். கயிறு அவள் கைக்கு இலகுவாக வந்தது. நாங்கள் முதலாவதாக வரவில்லை, ஆனால் கடைசியாகவும் வரவில்லை.

பெரிய பந்தயங்களிலும் இது உண்டு. 2019 பெப்ரவரியில் இதே சிட்னியில் தொடங்கிய செயில்ஜிபி தொடரில், 15 மீட்டர் நீளமான எஃப்50 படகுகள் நீருக்கு மேலே எழும்பிப் பறக்கின்றன. அங்கே ஒவ்வொரு படகின் தரவும் போட்டி அணிகள் உட்பட எல்லா அணிகளுக்கும் திறந்திருக்கிறது. புதிதாக வந்த அணி, வென்ற அணியின் பதிவைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

தொடங்க விரும்பும் வாலிபருக்கு நாங்கள் கற்றவை சில:

பதிவு ஒருவர் கையில் மட்டும் இருக்கக் கூடாது. கரைக்கு வந்த அன்றே படகிலிருந்த எல்லோருக்கும் போக வேண்டும்.

ஒரு நாளுக்கு ஒரு கேள்வி போதும். "டாக்கிங்கில் எவ்வளவு வேகம் இழந்தோம்?" என்பதுபோல. எல்லா எண்களையும் அனுப்பினால் கோச்சும் குழம்பிவிடுவார்.

எண்ணோடு, அந்த நேரம் காற்று எப்படியிருந்தது, படகில் என்ன நடந்தது என்பதையும் இரண்டு வரி எழுதுங்கள்.

பந்தயம் நடக்கும்போது வெளியார் உதவி பெறுவதைப் பாய்மரப் பந்தய விதி 41 பொதுவாகத் தடுக்கிறது. ஆகவே கோச்சுடன் பேசுவது பந்தயத்துக்குப் பிறகுதான். சில வகைப் படகுகளில் கருவிகளுக்கே கட்டுப்பாடு உண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதயத்துடிப்பு போன்ற உடல் விவரங்களை அவரவர் சம்மதமின்றிப் பகிர வேண்டாம்.

இப்போது எங்கள் பதிவுகளை முதலில் திறந்து பார்ப்பது தங்கைதான். போன வாரம் சுக்கான் பிடிப்பவரிடம் சொன்னாள்: "அண்ணா, 93. பரவாயில்லை."