பாட்டில் பூத்த அறிவியல்

பெற்றோர்களே! பாட்டு என்றால் தமிழ்ப் பாடம், பூ என்றால் அறிவியல் பாடம் என்று பிரித்து வைத்துவிட்டோம். சங்கப் புலவர் கபிலரோ 261 அடிகள் கொண்ட குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கிச் சொல்லியிருக்கிறார். அவற்றுள் ஒன்று கருவிளை. நம் வேலியில் படரும் நீலச் சங்குப்பூதான் அது! கிளந்தான் மக்கள் நாசி கெராபுச் சோற்றுக்கு நீலம் ஏற்றுவதும் இதைக் கொண்டுதான்.

இன்று மாலை பிள்ளையை அழைத்து, நாலைந்து பூக்களைச் சுடுநீரில் போடச் சொல்லுங்கள். நீர் நீலமாகும். எலுமிச்சைச் சாறு பிழிந்தால் ஊதாவாக மாறும்! புளிப்பில் உள்ள அமிலம் செய்யும் வேலை அது. பிறகு, கண்டதை நாலு வரிப் பாட்டாக எழுதச் சொல்லுங்கள். தன் சொல்லில் எழுதிய பிள்ளை பாடத்தை எளிதில் மறக்காது. நமக்குப் படிப்பில்லையே என்று ஒதுங்காதீர்கள். பூவின் பெயர் உங்களுக்குத் தெரியுமே!