டைவிங் முடித்து ஊட்டி வழியாகத் திரும்பாதீர்கள்

கடலுக்கடியில் போகிற பயணத்துக்கு நாள் குறிக்கும்போது கடைசி நாளைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். கோவை சரவணம்பட்டியில், சத்தி ரோட்டுப் பேக்கரி ஒன்றில் டீ குடித்துக்கொண்டிருந்த ஐடி கம்பெனித் தம்பிகளிடம் இதைச் சொன்னபோது அவர்கள் நம்பவில்லை. அவர்கள் போனில் கரீபியன் கடலின் பொனேர் தீவு நீலமாக விரிந்திருந்தது. “ஏனுங்ணா, போற வழியே இன்னும் தெரியல, வர்றதப் பத்தி இப்பவே என்னங்?” என்றார் ஒருவர்.

காரணம் நைட்ரஜன். முதுகில் கட்டுவதை ஆக்சிஜன் சிலிண்டர் என்றே எல்லோரும் சொல்கிறோம். அதில் இருப்பது நாம் இங்கே சுவாசிக்கிற அதே காற்று, கம்ப்ரசரில் வடிகட்டிச் சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைத்தது. கம்ப்ரசர் செய்கிற ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் தரையைப் போல இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் மூச்சிழுக்க இழுக்க நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து தங்கும். மெதுவாக ஏறினால் மூச்சு வழியே வெளியேறிவிடும். அவசரப்பட்டால் உடம்புக்குள்ளேயே குமிழாகும். மூட்டுவலியோடு நிற்கலாம்; தண்டுவடத்தைத் தாக்கிக் கால் விளங்காமலும் போகலாம். அதனால்தான் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமெடுக்காமல் ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று வருகிறார்கள்.

படகில் ஏறி உட்கார்ந்த பிறகும் மிச்ச நைட்ரஜன் வெளியேற மணிக்கணக்காகும். அதற்குள் விமானம் ஏறினால் வெளியழுத்தம் மறுபடி குறைந்து, அடங்கியிருந்தது குமிழாகக் கிளம்பும். டைவர்களின் பாதுகாப்புக்கென்றே இருக்கும் ‘டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்’ சொல்வது: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்கள் என்றால் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம். ஒரு முழு நாள் விடுங்கள் என்பேன் நான்.

நம் ஊர்க்காரர்கள் விமானத்தில் கவனமாக இருந்துவிட்டுக் காரில் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. விமானத்துக்குள் அழுத்தம், சுமார் 2,400 மீட்டர் உயர மலையில் இருக்கும் அளவுக்கு இறங்கலாம். ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். டைவிங் முடித்த கையோடு ஊட்டிக்குக் கார் ஏறுவதும் விமானம் ஏறுவதும் உடம்புக்கு ஏறக்குறைய ஒன்றேதான். கர்நாடகக் கடற்கரையில் முருடேஸ்வரத்துக்கு எதிரே கடலுக்குள் நேத்ராணி தீவு இருக்கிறது. காரிலேயே போய் வரக்கூடிய தூரம் என்பதால் வார விடுமுறைக்கு அதைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். காலையில் இரண்டு டைவ், மதியம் சாப்பாடு, அப்படியே மலையேறி மைசூர், அங்கிருந்து கூடலூர், ஊட்டி வழியாக மேட்டுப்பாளையம். இல்லாவிட்டால் திம்பம் இறங்கிச் சத்தியமங்கலம். இரண்டுமே வேண்டாம். திம்பமே ஆயிரம் மீட்டருக்கு மேல். டைவிங் கணக்கில் 300 மீட்டரைத் தாண்டினாலே உயரம்தான். மங்களூர், கோழிக்கோடு என்று கடலோரமாக வந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையுங்கள். கோவையே 400 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர். ஆகவே அன்று இரவு கடலோரத்தில் தூங்கிவிட்டு மறுநாள் கிளம்புவது உத்தமம்.

ஸ்நார்க்கெலிங்குக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. நீர்மட்டத்தில் மிதந்தபடி குழாய் வழியே வெளிக்காற்றைத்தான் சுவாசிக்கிறோம். ஏழு நாள் விடுமுறை என்றால் ஆறாவது நாளை அதற்கென்று ஒதுக்கிவிடலாம். டைவிங் நாள்கள் முன்னால், மிதக்கிற நாள் பின்னால்.

அடுத்து காது. தோட்டத்துக் கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. அடியில் கிடக்கும் காசை எடுக்க முங்கும்போது காது விண்ணென்று வலிக்குமே, அதே வலிதான். கிணற்றில் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கியிருப்போம். கடலில் அது கூடாது, செவிப்பறை கிழியும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊத வேண்டும், வலி வரும் முன்பே, இறங்க இறங்கத் திரும்பத் திரும்ப. காது திறக்கவில்லையென்றால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலலாம். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு டைவ் இல்லை. மாத்திரையை நம்பி இறங்கினால் அதன் வேகம் பாதியிலேயே தீர்ந்து, ஏறி வரும்போது காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும்.

கிணற்றில் பழகியதில் ஒன்றை மட்டும் கரையிலேயே விட்டுவிட வேண்டும்: மூச்சடக்குவது. கிணற்றில் மேலே இழுத்த மூச்சோடு இறங்கி அதே மூச்சோடு வருகிறோம். நுரையீரல் சுருங்கி, திரும்பப் பழைய அளவுக்கு விரியும், அவ்வளவுதான். ஸ்கூபாவில் கீழேயே நுரையீரலை நிரப்புகிறோம். 10 மீட்டரில் நிரப்பிய காற்று நீர்மட்டத்துக்கு வரும்போது இரண்டு மடங்காகும். அடக்கினால் நுரையீரல் கிழிந்துவிடும். என்ன நடந்தாலும் மூச்சு ஓடிக்கொண்டே இருக்கட்டும். பயிற்சியின் முதல் விதி அதுதான்.

பயிற்சியில் இரண்டு வகை. இன்ஸ்ட்ரக்டர் கூடவே இருந்து 12 மீட்டர் வரை காட்டிக்கொண்டு வருவது ஒன்று. நீச்சல் தெரியாதவர்களையும் அழைத்துப் போகிறார்கள். மூன்று நாலு நாள் படித்து, 18 மீட்டர் வரை துணை டைவரோடு போகத் தகுதி பெறும் ‘ஓப்பன் வாட்டர்’ இன்னொன்று. இதற்கு 200 மீட்டர் நீந்தவும் பத்து நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும். பாடப் பகுதியை வீட்டிலேயே ஆன்லைனில் முடித்துவிட்டுப் போனால் தீவில் ஒரு நாளாவது மிச்சம். ஆஸ்துமா, இதயக்கோளாறு, காது அறுவைச் சிகிச்சை போன்றவை இருந்தால் டாக்டரின் கையெழுத்து வேண்டும். அதை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் பவர் லென்ஸ் உள்ள மாஸ்க் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்கலாம். அடர்ந்த மீசை மாஸ்க்கின் ரப்பரைப் படியவிடாது, தண்ணீர் கசியும். மூக்குக்குக் கீழே ஒரு கோடு போலக் கத்தரித்தால் போதும்.

எங்கே போவது? “கரீபியன்ல நீமோ இருக்குமுங்ளா?” என்றார் இன்னொரு தம்பி. இருக்காது. நீமோ, அதாவது கோமாளி மீன், இந்திய, பசிபிக் கடல்களில் மட்டுமே வாழ்வது. பாறை கட்டும் பவள வகைகள் கரீபியனில் சில பத்துகள்தான். நம் பக்கத்துக் கடல்களில் நூற்றுக்கணக்கில். நம் கடலுக்கே உரிய சிங்க மீன் அங்கே அந்நியமாய்ப் புகுந்து குஞ்சு மீன்களைத் தின்று தீர்ப்பதால், அதை ஈட்டியால் குத்திப் பிடிக்கிறார்கள். முதல் டைவுக்கு அவ்வளவு தூரம் போக அவசியமில்லை. கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குக் கப்பலும், அங்குள்ள அகத்திக்கு விமானமும் உண்டு. அனுமதிச் சீட்டு முன்கூட்டியே வாங்க வேண்டும், தென்மேற்குப் பருவமழை மாதங்களைத் தவிர்க்க வேண்டும். பவளத்திட்டு சூழ்ந்த அமைதியான நீர்ப்பரப்பில் மிதக்க அதைவிடத் தோதான இடம் நமக்குப் பக்கத்தில் இல்லை. பல நாள் பயிற்சி எடுக்க அந்தமானின் ஸ்வராஜ் தீவு வசதி. சென்னையிலிருந்து விமானம், பிறகு படகு.

பொனேரைக் குறைத்துச் சொல்லவில்லை. 1979லிருந்து தீவைச் சுற்றியுள்ள கடல் முழுவதும் அங்கே பாதுகாக்கப்பட்ட பூங்கா. சாலையோரம் மஞ்சள் பெயிண்ட் அடித்த கல்லைப் பார்த்துக் காரை நிறுத்தி, கரையிலிருந்தே நடந்து பவளத்திட்டுக்கு இறங்கலாம். ஆனால் அங்கே இன்ஸ்ட்ரக்டர் கையைப் பிடித்திருக்க மாட்டார். நீரின் ஏற்ற இறக்கத்தில் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவருக்கு அது சொர்க்கம். யாராக இருந்தாலும் முதல் டைவில் அந்தத் திறமையைக் காட்டிய பிறகுதான் மற்ற இடங்களுக்குப் போகலாம்.

அந்த ஒழுங்கு நம் தீவுகளிலும் வேண்டும் என்று உண்மையாகவே ஏங்குகிறேன். 2024 கோடையில் கடல் சூடேறி லட்சத்தீவுப் பவளங்கள் வெளுத்தன. 1998, 2010, 2016 ஆண்டுகளிலும் அப்படி நடந்தது. உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். நிலைகொள்ளத் தெரியாதவரின் கால்துடுப்பு ஒரு முறை பட்டால் பல ஆண்டு வளர்ச்சி உடைந்து விழும். டைவ் சென்டருக்குப் போன் போடும்போது விலைக்கு முன் இதைக் கேளுங்கள்: முதலில் வெறும் மணல் தரைக்கு மேல் மிதந்து பழக்குவீர்களா, அல்லது நேரே பவளத்துக்குக் கூட்டிப்போய்ப் படமெடுத்து அனுப்பிவிடுவீர்களா? மணலில் பழக்குகிறவர்களிடம் முன்பணம் கட்டலாம்.