காணாமல் போன கார்கள்

நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும் கார்களில் ஐந்தில் ஒன்றை எடுத்துவிட்டால், நெரிசலும் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும் என்று கணக்குப் போடத் தோன்றும். சாலை அப்படி நடந்துகொள்வதில்லை. நெடுஞ்சாலையின் ஒரு தடம் மணிக்குச் சுமார் 2,000 வண்டிகளைத் தாங்கும். அதுவரை எல்லாம் சீராக ஓடும். அந்த எல்லையைத் தொட்டதும் வேகம் சரிகிறது. கடந்துபோகும் வண்டிகளின் எண்ணிக்கையும் குறைகிறது. பின்னால் வந்து சேர்பவையோ குறைவதில்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓட்டச் சொல்லிப் பார்த்தார்கள். சிக்னல் இல்லை, குறுக்குச் சாலை இல்லை. ஒருவர் லேசாக வேகம் குறைக்க, பின்னால் வந்தவர் இன்னும் சற்று அதிகம் குறைக்க, தானாகவே ஒரு நெரிசல் பிறந்து பின்னோக்கி நகரத் தொடங்கியது. 2008-இல் வெளியான முடிவு இது.

ஆகவே, எல்லோரையும் காரிலிருந்து இறக்க வேண்டியதில்லை. இன்று இந்த நேரத்தில் இந்த வழியாகப் போயே தீர வேண்டும் என்ற கட்டாயமில்லாத சிலர் விலகினால் போதும். அவர்கள் யார் என்று எந்த அதிகாரியாலும் சொல்ல முடியாது. நெரிசல் நேரத்துச் சாலைக்கு ஒரு விலை வைத்தால் அவர்களே விலகிக்கொள்வார்கள் என்று 1950-களிலேயே வாதிட்டவர் பொருளியலாளர் வில்லியம் விக்ரி. 1996-இல் நோபல் பரிசு பெற்றவர். சிங்கப்பூர் 1975-லேயே இதைச் செய்து காட்டியது. ஆனால் ஸ்டாக்ஹோம் செய்தது இன்னும் அருமையான சோதனை: கட்டணத்தைப் போட்டது, எடுத்தது, மறுபடியும் போட்டது.

தீவுகளின் மேல் எழுந்த நகரம் அது. நடுநகரைச் சுற்றி 18 இடங்களில் கேமராக்கள் நம்பர் பிளேட்டைப் படம்பிடித்தன. நேரத்தைப் பொறுத்து ஒருமுறை கடக்க அப்போது 10 முதல் 20 குரோனர். இரவிலும் வார இறுதியிலும் ஒன்றுமில்லை. இதற்குச் சில மாதம் முன்பே, 2005 ஆகஸ்டில், புதிய பேருந்துகளை ஓடவிட்டிருந்தார்கள். நல்ல பேருந்து வந்தாலே கார் குறைந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இங்கே கவனிக்க வேண்டும்: அந்த இலையுதிர் காலத்தில் கார்கள் குறைந்ததாகவே தெரியவில்லை. பேருந்து அவசியம்தான், ஆனால் அது மட்டும் போதவில்லை. 2006 ஜனவரி 3 அன்று கட்டணம் வந்தது. நடுநகர எல்லையைக் கடக்கும் வண்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று மறைந்தது. நெரிசலில் வீணான நேரம் பல சாலைகளில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் குறைந்தது. ஜூலை 31-உடன் சோதனை முடிந்தது. மறுநாளே கார்கள் பெரும்பாலும் திரும்பி வந்துவிட்டன. செப்டம்பரில் நகர மக்கள் வாக்கெடுப்பில் கட்டணத்துக்கு ஆதரவாக முடிவு சொன்னார்கள். 2007 ஆகஸ்டில் அது நிரந்தரமானது; கார்கள் மறுபடியும் மறைந்தன.

அந்தக் கார்களை ஓட்டியவர்கள் எங்கே போனார்கள்? வேலைக்குப் போகிறவர்களில் பலர் ரயிலுக்கும் பேருந்துக்கும் மாறியிருந்தார்கள். மற்றவர்களைக் கேட்டால், பெரும்பாலோர் தாங்கள் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை என்றே சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. இந்தச் சோதனையை ஆராய்ந்த யோனாஸ் எலியாசன் தரும் விளக்கம் எளிமையானது: யாரும் தினமும் ஒரே பயணத்தைச் செய்வதில்லை. ஒரு வாரம் கடைக்கு இரண்டு முறை போவார்கள், மறுவாரம் ஒருமுறை. ஒருநாள் இந்த வழி, ஒருநாள் அந்த வழி. இந்த இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள் சின்னச் சின்ன விலகல்கள் கரைந்துபோகின்றன. மனம் திருந்துங்கள் என்று யாரிடமும் கேட்காமலேயே ஒரு நகரத்தின் பழக்கம் மாறியது. இந்தக் கொள்கையில் என்னை அதிகம் ஈர்ப்பது இதுதான். தொடக்கத்தில் பெரும்பான்மையோர் எதிர்த்த கட்டணத்தைச் சில ஆண்டுகளில் சுமார் 70 சதவீதம் பேர் ஆதரித்தார்கள்.

ஆனாலும் கட்டணத்தின் பெரிய பயனாக நான் கருதுவது நேரச் சேமிப்பை அல்ல. காற்றின் மாசு குறைந்தது; நடுநகரில் வாழும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் கடும் ஆஸ்துமாவால் மருத்துவமனைக்கு வருவதும் குறைந்தது. மாசு குறைந்த வேகத்தில் அது நடக்கவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லத்தான் அந்தக் குறைவு பெரிதானது. அதனால், ஏழே மாதச் சோதனையை மட்டும் வைத்து மதிப்பிட்டிருந்தால் இந்தப் பயனில் பெரும்பகுதி கணக்கிலேயே வந்திருக்காது.